பூவில் கேட்கக்கூடிய கேள்விகள்

எங்கள் பக்கத்தில் ஒரு முடிவெடுக்கத் தடுமாறினால் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்பார்கள். காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளை அரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைப்பார் பூசாரி. விவரம் தெரியாத குழந்தையைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் செய்வது, எந்தப் பூ வந்தால் விடுவது என்று முதலிலேயே பேசி வைத்திருப்பார்கள். எங்கள் கோயிலில் வெள்ளை வந்தால் செய்யலாம். இந்த ஜாதகத்தைச் சேர்க்கலாமா, இந்தக் காட்டில் போர் போடலாமா, பங்காளிகளோடு பாகம் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, அதிலேயும் பக்தர் கனவில் வந்த பொருளை அப்படியே கொண்டுபோய் வைத்துவிட மாட்டார்கள். பூ வைத்துக் கேட்டு, சாமி உத்தரவு கொடுத்தால்தான் மண்ணோ தண்ணீரோ நெல்லோ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் சித்தப்பாவுக்காக ஒரு முறை பூக் கேட்கப் போனோம். அவருக்கு அப்போது நாற்பதைத் தொட்ட வயசு. பல்லடம் பக்கம் விசைத்தறி போட்டிருந்தார். நூல் விலை ஏறி, கூலி கட்டுபடியாகாமல், பாதித் தறி நின்றுபோயிருந்தது. தறியோடு மனுஷரும் நின்றுபோயிருந்தார். சவரம் செய்வதில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், ஒரு வாய் உள்ளே போகாது. அப்பத்தாதான் பிடிவாதமாகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பூசாரி காகிதத்தைக் கிழித்துக்கொண்டே, “என்னன்னு கேக்கோணுமுங்க?” என்றார். சித்தப்பா கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம், “நான் எதுக்கு இருக்கறன்னு கேளுங்க” என்றார்.

அப்பத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பூசாரி கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். “அதெல்லாம் பூவுல வராதுங்க. என்ன செய்யறதுன்னு ரெண்டு மனசா இருக்குதோ, அதச் சொல்லுங்க. வெச்சுப் பாக்கலாம்” என்றார்.

சித்தப்பா எழுந்து போய் வெளியே வேப்பமரத்து மேடையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். பூசாரியும் அவசரப்படுத்தவில்லை, வேறு இரண்டு குடும்பங்களுக்குப் பூ வைத்தார். ரொம்ப நேரம் கழித்துச் சித்தப்பா உள்ளே வந்து, “நின்னு போன தறிய வித்துப்போடலாமுங்களான்னு கேளுங்க” என்றார். வெள்ளை வந்தது. அவர் முழுசாகத் தேறி வர அதற்கப்புறமும் ரொம்ப நாள் பிடித்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு தோசை சாப்பிட்டார்.

எனக்குப் பூ மேல் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் ஒரு பதிலும் சொல்ல மாட்டேன், அது எனக்கும் சாமிக்கும் இடையில் இருக்கட்டும். ஆனால் அந்தப் பூசாரி சொன்னதை நான் முழுமனதாக நம்புகிறேன். வாழ்க்கையே எதற்கு என்று மலைத்து நிற்கிற நேரத்தில் நம்மிடம் இரண்டு விதமான கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று, நான் எதற்கு இருக்கிறேன் என்பது. இன்னொன்று, தறியை விற்பதா, வேலையை விடுவதா, ஊரை மாற்றுவதா, இவரைக் கட்டிக்கொள்வதா என்பது. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் இரண்டாவதைத் தொட முடியும் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறோம். இல்லையென்றால் முதல் கேள்விக்குப் பதிலாக இரண்டாவதைச் செய்துவிடப் பார்க்கிறோம், அதாவது வேலையை விட்டுவிட்டால் அர்த்தம் வந்துவிடும் என்று. இரண்டு வழியிலும் ஆள் சிக்கிக்கொள்கிறார். அவற்றைப் பிரித்து, இரண்டாவதைப் பூவில் கேட்கிற அளவுக்குச் சின்னதாக ஆக்குவதுதான் அந்த நேரத்தில் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

இது ஏதோ தோல்வியடைந்தவர்களுக்கு வருகிற நோய் என்று நினைக்கிறவர்கள் டால்ஸ்டாயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரேனினா’ இரண்டையும் எழுதி முடித்தாயிற்று. பெரிய பண்ணை, மனைவி, பிள்ளைகள், உலகப் புகழ் எல்லாம் இருக்கிறது. ஐம்பது வயதை ஒட்டி அவருக்கு எல்லாமே நின்றுவிட்டது. தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார், திடீரென்று ‘எதற்கு?’ என்று தோன்றும். நிலத்தைப் பற்றி யோசிப்பார், ‘சரி, ஆயிரக்கணக்கான ஏக்கர் இருந்தால்தான் என்ன?’ என்று தோன்றும். ஷேக்ஸ்பியரைவிடப் பெரிய பெயர் கிடைத்தால்தான் என்ன? 1880 வாக்கில் அவர் எழுதிய ஒரு சிறு நூலில் இதையெல்லாம் கொஞ்சமும் பூசி மெழுகாமல் சொல்லியிருக்கிறார். ரஷ்யத் தணிக்கை அதை உள்நாட்டில் வெளியிட விடவில்லை.

அந்த நூலில் தன் நிலையை விளக்க அவர் ஒரு பழைய கீழைத்தேசத்துக் கதையைச் சொல்கிறார். காட்டு மிருகம் துரத்த, ஒருவன் பாழுங்கிணற்றில் குதிக்கிறான். அடியில் வாய் பிளந்தபடி ஒரு டிராகன். நடுவில் முளைத்த ஒரு செடியைப் பிடித்துத் தொங்குகிறான். அந்தச் செடியின் தண்டை ஒரு கறுப்பு எலியும் ஒரு வெள்ளை எலியும் சுற்றிச் சுற்றிக் கொறிக்கின்றன. அப்போதும் இலையிலிருந்து சொட்டுகிற தேனை அவன் நக்கிக்கொண்டிருக்கிறான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது நம்முடைய ‘சூளாமணி’யில் இருக்கிற கதை. தோலாமொழித்தேவர் பாடிய அந்தச் சமண காவியத்தில், யானை துரத்த, பாம்பு இருக்கும் குழியில் தொங்கிக்கொண்டு தேன்துளியை நக்குகிறவனாக மனிதனைக் காட்டும் ஒரு பாட்டு வருகிறது. பல மொழிகள், பல மதங்கள் வழியாகப் போய் அதே கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் ஒரு மனிதனின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தமிழில் எழுதியவருக்கும் இந்த மலைப்பு தெரிந்திருந்தது என்பதே எனக்கு ஒரு துணை மாதிரி இருந்தது. நமக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்ற எண்ணம்தான் இப்படிப்பட்ட நேரத்தில் ஆளை அதிகம் அரிக்கிறது.

டால்ஸ்டாயின் அந்த நூலில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிற இடம் ஒன்று உண்டு. தனியாக இருக்கிற அறையில் கயிறு கண்ணில் படாமல் ஒளித்து வைத்ததாகவும், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதை நிறுத்தியதாகவும் சொல்கிறார். அர்த்தம் என்ன என்று அவருக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஆனால் கயிறு எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த இருட்டில் அவர் எடுத்த முதல் உருப்படியான முடிவு அதுதான் என்று நான் சொல்வேன். சென்னையில் 1986ல் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் பின்னாளில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் இதே வழியில்தான் ஒரு ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில், பெட்டியில் பூட்டி வைப்பது. ஒரு பொல்லாத நேரம் கடந்துபோகும்வரை கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், பல உயிர் தப்பிவிடும். காடு தோட்டம் உள்ள வீடுகளில் இதை எந்தக் காலத்திலும் செய்யலாம், எந்தச் சாமியையும் கேட்க வேண்டியதில்லை.

என் கதையும் கொஞ்சம் உண்டு. அம்மா போனபிறகு வந்தது. அப்போது ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையில் எந்தக் குறையும் இல்லை, நல்ல பெயர்தான். ஆனால் திருப்புதல் தேர்வுத் தாள்கள் கட்டுக் கட்டாக மேசை மேல் இருக்கும், நூலை அவிழ்க்கவே கை வராது. ஒரே தொகையிடல் கணக்கு, ஒரே இடத்தில் எல்லோருக்கும் தப்பு, நான் ஒரே சிவப்பு வட்டத்தைப் போட்டுக்கொண்டு போகிறேன். இந்தப் பிள்ளைகள் நூறு வாங்கி, ஒரு கல்லூரிக்குப் போய், ஒரு வேலைக்குப் போய், அவர்களும் ஒரு நாள் அம்மாவைக் கொண்டுபோய் மின்மயானத்தில் விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அப்புறம் என்ன? இதே நினைப்பு. ஏழரை நடக்கிறது, அதுதான் இப்படி என்றார் மாமியார். அவர் சொன்னதில் ஒரு ஆறுதல் இருந்தது, இதற்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு என்பது. ஜாதகத்தை நம்பாதவர்களும் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு வெறி. வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அந்தப் பூசாரி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தார். பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், பூவில் கேட்கிற மாதிரி என்னென்ன கேள்வி இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். ‘வேலையை விடுவதா’ என்று முதலில் எழுதினேன். பார்த்தால் அதுவே பூவில் அடங்காத கேள்வியாக இருந்தது. விட்டுவிட்டு என்ன செய்வது என்று அதற்குள்ளே இன்னொரு கேள்வி நிற்கிறதே. அடித்துவிட்டேன். அப்புறம் வந்தவை இவை: அம்மாவின் சேலைகளை யார் யாருக்குக் கொடுப்பது. அப்பாவை ஈரோட்டுக்குக் கூட்டி வருவதா, ஊரிலேயே விட்டு வாரா வாரம் போவதா. வரும் ஜூனில் எந்த வகுப்பு எடுப்பது.

மூன்றாவதை எழுதியபோதுதான் எனக்கே புரிந்தது, கணக்கு எனக்குக் கசக்கவில்லை, பொதுத்தேர்வுதான் கசந்திருக்கிறது. தலைமையாசிரியை அம்மாவிடம் போய், “எனக்கு ஆறாம் வகுப்பு குடுங்கம்மா” என்றேன். பன்னிரண்டாவது எடுக்கிறவர் ஆறாவதுக்கு இறங்குவதா என்று ஆசிரியர் அறையில் ஒரே பேச்சு. சம்பளத்தில் கொஞ்சம் அடிபட்டது உண்மைதான். ஆறாம் வகுப்பில் மூன்றாம் பருவத்தில் முழுக்கள் என்று ஒரு பாடம் வரும். பூச்சியத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்பதைப் பிள்ளைகள் முதல் முறையாகப் பார்க்கிற இடம் அது. எண்கோட்டைக் கரும்பலகையில் நேராக நிறுத்திப் போட்டிருந்தேன். மொடக்குறிச்சிப் பக்கமிருந்து வருகிற ஒரு பையன் எழுந்து, “மிஸ், எங்க கெணத்துல மேல இருந்து எறங்கற படியெல்லாம் மைனஸுங்களா?” என்றான். ஆமாம் என்றேன். “அப்ப தண்ணி மைனஸ் முப்பதுல கெடக்குதுங்க மிஸ்” என்றான். வகுப்பே சேர்ந்துகொண்டது. அவரவர் வீட்டுக் கிணற்றுக்கும் போருக்கும் எத்தனை மைனஸ் என்று மணி அடிக்கிறவரை ஒரே கணக்கு. அம்மா போனதற்கு அதில் பதில் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.

பெரிய திசை எப்படி வருகிறது என்பதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்கிற ஆள் உ.வே.சா. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் முதன்முதலாகச் சந்தித்த கட்டத்தை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. முனிசீப்பாக மாற்றலாகி வந்திருந்த முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்ட இவர், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், புராணங்கள் என்று அடுக்குகிறார். அதனால் எல்லாம் என்ன பிரயோசனம் என்கிறார் முதலியார். வயது இருபத்தைந்து. அதுவரையிலான வாழ்க்கை முழுவதையும் கொட்டிச் சேர்த்ததைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்டால் எப்படி இருந்திருக்கும்! ‘தமிழ்ப் படிப்பே எதற்கு’ என்று அவர் உடைந்துபோயிருக்கலாம், கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார் முதலியார். இல்லை. புத்தகம் கிடைத்தால் படித்துச் சொல்ல முடியும் என்றார் இவர். ஒரு பிரதி கைக்கு வந்தது, படிக்க ஆரம்பித்தார். புரியாத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். சங்க இலக்கியத்தை மீட்பது என் பிறவிப் பயன் என்றெல்லாம் அன்றைக்கு அவர் முடிவு செய்யவில்லை. செய்யவும் முடியாது, அங்கே என்ன புதைந்து கிடக்கிறது என்று அப்போது யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஒரு புத்தகத்தைப் படிப்பதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. சிந்தாமணி அச்சாகி வந்தது 1887ல். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

உன் கனவு எது, உன் நெருப்பு எது என்று மேடையில் கேட்கிறவர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். ஏற்கனவே பெரிய கேள்வியில் மூச்சுமுட்டி நிற்கிற பிள்ளையிடம் இன்னொரு பெரிய கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அடையாளம் கேட்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. விக்டர் ஃப்ராங்க்ல் என்ற யூத மருத்துவரைப் பலருக்கும் தெரியும், வதைமுகாம் அனுபவத்தை வைத்து வாழ்வின் அர்த்தம் பற்றி 1946ல் புத்தகம் எழுதியவர். 1941ல் வியன்னாவில் அவர் கையில் அமெரிக்க விசா வந்தது. போனால் உயிர் தப்பும், ஆராய்ச்சியைத் தொடரலாம். ஆனால் வயதான அப்பா, அம்மா நாஜிகளிடம் மாட்டிக்கொள்வார்கள். வானத்திலிருந்து ஒரு குறிப்பு வேண்டும் என்ற மனநிலையில் வீட்டுக்கு வந்தவர், மேசை மேல் ஒரு பளிங்குத் துண்டைப் பார்க்கிறார். நாஜிகள் எரித்துப்போட்ட யூதக் கோயிலின் இடிபாட்டிலிருந்து அப்பா எடுத்து வந்தது. பொன்முலாம் பூசிய ஒரு எபிரேய எழுத்து அதில் இருக்கிறது. பத்துக் கட்டளைகளில் எதைச் சேர்ந்தது அந்த எழுத்து என்று கேட்டால், தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளை என்கிறார் அப்பா. விசாவைக் காலாவதியாக விட்டுவிட்டார் ஃப்ராங்க்ல். அவரும் மனைவியும் பெற்றோரும் முகாமுக்குப் போனார்கள். அப்பா தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தபோது, மூச்சுத் திணறலைத் தணிக்க மருந்து கொடுத்துக்கொண்டு மகன் பக்கத்தில் இருந்தார். அம்மாவை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அவர் மனைவியும் திரும்பி வரவில்லை. இந்தக் கதையை ‘நல்ல முடிவு எடுத்தார், நன்றாக முடிந்தது’ என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் முன்னால் இருந்த கேள்வி விசாவை எடுப்பதா விடுவதா என்ற அளவில் இருந்தது. அதற்கு அவர் தன் கையால் பதில் எழுதினார். முடிவு சரியா தப்பா என்பதை விளைவை வைத்து மட்டும் எடைபோடுகிற பழக்கத்தை இந்தப் பளிங்குத் துண்டு என்னிடமிருந்து ரொம்பவே பிடுங்கிப் போட்டது.

1945ல் பாரிஸில் சார்த்தர் பேசிய பிரபலமான உரையிலும் இப்படி ஒரு மாணவன் வருகிறான். அண்ணனைப் போரில் இழந்தவன். தனியாகிப்போன அம்மாவோடு இருப்பதா, இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்ப் பிரெஞ்சுப் படையில் சேர்வதா என்று கேட்டு வந்தவன். சார்த்தர் அங்கே சொல்லுகிற ஒன்று எனக்குப் பிடிக்கும்: யாரிடம் போய் யோசனை கேட்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே நாம் ஏறக்குறைய முடிவெடுத்துவிடுகிறோம். நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. துபாய்க்குப் போகலாமா என்பதைப் பெரியப்பாவிடம் கேட்டால் என்ன வரும், ஏற்கனவே போய்வந்த மாமாவிடம் கேட்டால் என்ன வரும் என்று கேட்கிறவனுக்கு நன்றாகவே தெரியும்.

அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டீவன் லெவிட் பூவுக்குப் பதிலாக நாணயத்தை வைத்து இதைச் சோதித்தார். வேலையை விடுவதா, உறவை முறிப்பதா என்று தடுமாறுகிறவர்கள் இணையத்தில் வந்து காசு சுண்டிப் பார்க்கலாம். 20,000-க்கும் மேல் சுண்டினார்கள். பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள், ஆறு மாசம் கழித்துக் கேட்டபோது, பழையபடியே இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். 2021ல் ஆய்வு வெளிவந்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமா எழுதிவிடாதீர்கள். இவர்கள் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக எடை தொங்கி, காசு சுண்டுகிற அளவுக்கு வந்தவர்கள். அப்படிச் சமமாகத் தொங்குகிற ஒருவர் நகர்வதால் பெரிதாக நஷ்டப்படுவதில்லை என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அண்ணன் மகன் சென்னையிலிருந்து ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தான். ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான், இருபத்தேழு வயசு. “அத்த, எதுக்குமே அர்த்தமில்லாத மாதிரி இருக்குதுங்க” என்றான். அப்புறம் ஒரே மூச்சில் சொன்னான்: வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இயற்கை விவசாயம் செய்யலாமா, ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகலாமா, இல்லை ஒரு வருஷம் திருவண்ணாமலையில் போய் உட்கார்ந்துவிடலாமா. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வழி. இப்படி மூன்று ஒரே நேரத்தில் ஒருவர் வாயில் வந்தால், அந்த மூன்றில் எதுவும் அவருக்கு வேண்டியதில்லை, இப்போது இருக்கிற இடத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று அர்த்தம். இருக்கிற இடத்தில் என்ன வலிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தூங்குகிறானா என்று கேட்டேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்றான். சாப்பாடு? ஏதோ. எத்தனை நாளாக? தீபாவளிக்கு முன்னால் இருந்தே. நேராகவே கேட்டுவிட்டேன். “சாகணும்னு தோணுதா கண்ணு?” நிறையப் பேர் இப்படிக் கேட்கப் பயப்படுகிறார்கள், நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோமோ என்று. அப்படி ஆவதில்லை, கேட்டால் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது என்றுதான் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். “இல்லீங்க அத்த, ஆனா இருந்தும் ஒண்ணுமில்லைன்னு தோணுது” என்றான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னேன். மத்திய அரசு 2022ல் தொடங்கியது, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கவும் சொன்னேன். மருந்து வேண்டிய இடத்தில் தத்துவம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. போனான். மருத்துவர் மாத்திரையோடு சேர்த்து, தினமும் இன்ன நேரத்துக்கு இன்னதைச் செய் என்று ஒரு அட்டவணையும் போட்டுக் கொடுத்திருக்கிறார், மனசு வந்தாலும் வராவிட்டாலும். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களைச் சின்னச் சின்னக் காரியங்களில் இறக்கிவிடுகிற இந்த முறையை விக்ரம் பட்டேல் குழுவினர் சோதித்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்று 2017ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்.

அவனுக்கு டால்ஸ்டாய் கதையின் மிச்சத்தையும் சொன்னேன். 1891ல் ரஷ்யாவில் கடும் பஞ்சம். பணக்காரர்கள் தர்மம் செய்வதில் நம்பிக்கை இல்லாதவர் அவர், அதை எதிர்த்து எழுதியும் இருந்தார். ஒரு நண்பர் கூப்பிட்டார் என்று ரியசான் பக்கம் பெகிச்செவ்கா என்ற ஊருக்குப் பார்த்துவிட்டு வரப் போனார். அப்புறம் மகள்களோடு அங்கேயே தங்கி, பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார். எந்தக் கிராமத்தில் யார் வீட்டில் அடுப்பு மூட்டுவது, யார் யார் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது, விறகு எங்கே கிடைக்கும், குதிரைகளுக்குத் தீனி, வசந்தத்தில் விதைப்புக்கு விதை, இப்படிப்பட்ட கேள்விகளோடு இரண்டு குளிர்காலம் போனது. 1892 கோடையில் இருநூறுக்கும் மேற்பட்ட சாப்பாட்டுக்கூடங்கள் நடந்துகொண்டிருந்தன, குழந்தைகளுக்குத் தனியாக வேறு. பெரிய கேள்வி அவரை விட்டுவிடவில்லை. எண்பத்திரண்டு வயதில், 1910ல், வீட்டை விட்டுக் கிளம்பி, அஸ்தாபவோ என்ற ரயில் நிலையத்தில் இறந்துபோகிறவரைக்கும் கூடவே வந்தது. “அப்ப பதில் கிடைக்கவேயில்லீங்களா?” என்றான். மதத்தில் அவருக்கு ஒரு பதில் கிடைத்தது, அதோடும் அவர் கடைசிவரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அடுப்புக் கணக்கு நல்லா இருக்குதுங்க அத்த” என்றான்.

மாத்திரை பிடித்து, தூக்கம் வர ஆரம்பித்த பிறகுதான் கேள்விகளை எழுத உட்காரச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: திரும்பி வர முடிகிற முடிவை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், திரும்ப முடியாததைச் சித்திரைக்கு முன்னால் எடுக்கக் கூடாது. வேலையை மாற்றினால் வேறு வேலை தேடலாம். அப்பா பெயரில் இருக்கிற காட்டை ஜெர்மனிக்காக விற்றால் அது போனது போனதுதான். அறைத்தோழர்களோடு சண்டை போட்டுக்கொண்டு வேளச்சேரியில் இருப்பதா, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தனியறை பார்ப்பதா என்பது அவன் எழுதிய முதல் கேள்வி. ராத்திரி ஷிஃப்ட்டிலிருந்து பகலுக்கு மாற்றச் சொல்லி மேலாளரிடம் கேட்பதா என்பது இரண்டாவது. ஒரு வருஷமாக ராத்திரி ஷிஃப்ட்டில் இருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று மணி விழிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அறை மாறிவிட்டான். ஷிஃப்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான், அடுத்த மாசம் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் அவனுக்குக் கஷ்டமானது. மருத்துவரைப் பார்த்ததையும் மாத்திரை சாப்பிடுவதையும் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா. அம்மாவுக்குத் தெரியும். அண்ணன் நல்லவர்தான், ஆனால் மனசு சரியில்லை என்றால் காட்டில் இறங்கி வேலை செய்தால் சரியாகிவிடும் என்பார், அதற்கு மேல் ஒரு பேச்சைக் கேட்க மாட்டார். இதைப் பூவில் கேட்கலாமா என்றுகூடப் பையன் கேட்டான். கேட்கலாம் என்றேன், கோயில் அங்கேதான் இருக்கிறது. வேண்டாம், சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு நாள் கழித்து அவனே சொன்னான். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம், பட்டிப் பொங்கல் வைத்து முடித்து அண்ணன் ஓய்வாக உட்காருகிற நேரம்தான் சரி என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நீயே பேச வேண்டும், நான் குறுக்கே வரமாட்டேன், ஆனால் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.